மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி சோதனை: பொய் பாசிட்டிவ் வந்தால் எங்கே பார்ப்பது?

அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி பயாலஜிக் (உயிரணுக்களில் தயாரிக்கும் புரத மருந்து) ஊசி போட்டுவரும் நோயாளிக்கு மருந்து வேலை செய்வது குறைந்தால், அந்த மருந்துக்கு எதிராகவே உடம்பில் ஆன்டிபாடி வந்துவிட்டதா என்று டாக்டர் கேட்டனுப்புவார். திருநெல்வேலிப் பக்கத்து லேப்களில் எலைசா ரீடர் (பிளேட்டின் குழிகளில் வரும் நிறத்தை அளக்கும் கருவி) இருக்கும். அதைவிடப் பெரிய கருவி இருப்பது அரிது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பிரிட்ஜிங் எலைசாவை வைத்துத்தான்.

96 குழி பிளேட்டில் ஒவ்வொரு குழியின் அடியிலும் மருந்து ஒட்டியிருக்கும். அதன்மேல் சீரம், அதற்கும் மேல் எச்.ஆர்.பி. என்சைம் ஏற்றிய அதே மருந்து (இதுதான் காஞ்சுகேட்). ஆன்டிபாடி ஒரு கையால் கீழ் மருந்தையும் இன்னொரு கையால் மேல் மருந்தையும் பிடித்துப் பாலம் கட்டினால், டி.எம்.பி. என்ற நிறமூட்டும் திரவத்தை ஊற்றும்போது நிறம் வரும். இரண்டு மருந்தையும் சேர்த்துப் பிடிக்கும் வேறு எது இருந்தாலும் அதே நிறம்தான் வரும். என்சைம் சும்மா பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டாலும் அதே நிறம்தான். பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் இந்த இரண்டு வழியில் ஒன்றில் வருபவை. எந்த வழியில் வந்தது என்பதை நிறம் எங்கெங்கே வந்திருக்கிறது என்பதே பாதி காட்டிக்கொடுத்துவிடும். நோயாளி பெயரைப் பார்க்கும் முன் பிளேட் மேப்பை (எந்தக் குழியில் என்ன போட்டது என்ற படம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாங்க், நெகட்டிவ் கண்ட்ரோல் (ஆன்டிபாடி இல்லாத சீரம்) உட்பட பிளேட் முழுக்க நிறம்

சீரமே போடாத பிளாங்க் குழியில் நிறம் வந்தால் நோயாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் டி.எம்.பி. பாட்டிலைச் சோதியுங்கள். சுத்தமான டியூபில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து 10 நிமிடம் இருட்டில் வையுங்கள். நீலம் தட்டினால் பாட்டில் கெட்டுவிட்டது. காஞ்சுகேட் தொட்ட பிப்பெட் டிப் பாட்டிலுக்குள் போயிருக்கும், அல்லது ஒரே டிரஃப்பை (திரவம் ஊற்றி வைக்கும் தொட்டி) இரண்டுக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். டி.எம்.பி.க்கு என்று தனி டிரஃப் வேண்டும். கழுவி வைத்துத் திரும்ப எடுப்பதெல்லாம் வேண்டாம்.

டி.எம்.பி. தெளிவாக இருந்தால் அடுத்த சந்தேகம் குளோரின். ஹைப்போ (குளோரின் கிருமிநாசினி) டி.எம்.பி.யை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்து நீலமாக்கும், என்சைமே தேவையில்லை. ஹைப்போ ஊற்றிய டிஸ்கார்ட் ஜாரை பிளேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது நம் லேப்களில் சாதாரணம். அதைக் கீழே இறக்குங்கள். வாஷ் பஃபரைக் குழாய்த் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ கலக்கக்கூடாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், குளோரின் போட்டுத்தான் குழாய்க்கு வருகிறது. டிஸ்டில்டு அல்லது டீஅயனைஸ்டு தண்ணீர், அதுவும் அன்றைக்குத் திறந்தது. 20 மடங்கு வாஷ் கான்சன்ட்ரேட் ஃபிரிட்ஜில் இருந்தால் உப்பு படிந்து அடியில் நிற்கும். 37 டிகிரியில் வைத்து முழுக்கக் கரைந்த பிறகே கலக்கவேண்டும். படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால் கழுவும் சக்தி குறைந்துபோகும்.

அடுத்தது வெப்பம். பெரும்பாலான கிட்கள் சொல்லும் அறை வெப்பநிலை 18 முதல் 25 டிகிரி. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ரீடரும் ஃபிரிட்ஜும் ஓடும், ஏ.சி. ஓடாது. கொஞ்ச நேரத்தில் அறை 32, 33 டிகிரிக்குப் போய்விடும். டி.எம்.பி. வேகமாக நிறம் பிடிக்கும், ஒட்டக்கூடாததும் கூடுதலாக ஒட்டும். நேரத்தைக் கண்ணளவில் குறைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். 25 டிகிரிக்கு நிறுத்திய, குளிர்விக்கவும் செய்யும் இன்குபேட்டருக்குள் வைத்துச் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் காலை 7 மணிக்கு பிளேட்டைத் தொடங்குவதே மேல்.

ஒன்று மீதி இருக்கிறது: காஞ்சுகேட் தவறி ஃப்ரீசருக்குப் போயிருந்தால் அதிலுள்ள மருந்துப் புரதம் திரண்டு கட்டியாகும். திரண்டது எதிலும் ஒட்டும். அந்த பாட்டிலைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஒரே வரிசையில், அல்லது ஓரத்துக் குழிகளில் மட்டும்

டி வரிசையில் 1 முதல் 12 வரை எல்லாமே உயரமாக இருந்தால், வாஷரின் எட்டு நாசில்களில் நான்காவது அடைத்திருக்கிறது. பிளேட்டில் தண்ணீரை ஊற்றி உறிஞ்சவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த வரிசையில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்கும். வாஷருடன் வந்த மெல்லிய கம்பியால் குத்தி, வெந்நீர் விட்டு ஓட்டினால் உப்பு கரைந்து போகும். ஒவ்வொரு கழுவலுக்கும் குழிக்கு 300 முதல் 350 மைக்ரோலிட்டர், 30 விநாடி ஊறல், குறைந்தது 4 முறை. கடைசியில் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ மேல் தட்டுங்கள். வாஷர் வைத்திருக்கிறோம் என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

96 குழியில் ஓரத்துக் குழிகள் 36. அவை மட்டும் உயர்ந்திருந்தால் வெப்பம் சமமாகப் பரவவில்லை, அல்லது ஓரத்தில் ஆவியாகியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று பிளேட்டை அடுக்காதீர்கள். ஒட்டும் சீலர் போடுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட்டின் அடியில் ஈரம் பூத்துவிடும். அதோடு ரீடரில் வைத்தால் 450 நானோமீட்டர் அளவு கூடிக் காட்டும். ஃபாயில் கவரைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். வாசிக்கும் முன் அடியைத் துணியால் ஒற்றி எடுங்கள். 620 அல்லது 630 நானோமீட்டர் ரெஃபரன்ஸைக் கழித்தே கணக்கு வையுங்கள்.

ஒரே சாம்பிளின் இரண்டு குழியும் ஒத்துப்போகவில்லை

இரண்டுக்கும் இடையே வேறுபாட்டுச் சதவீதம் 20-க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்றும் எழுதவேண்டாம், நெகட்டிவ் என்றும் எழுதவேண்டாம். சாம்பிளைக் கண்ணால் பாருங்கள். முழுக்க உறையாத ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதக்கும். அது குழியில் ஒட்டி காஞ்சுகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெப்பாரின் போயிருப்பதால் உறைய நேரமாகும். டியூபை நிறுத்தி வைத்து 30 முதல் 60 நிமிடம், தேவைப்பட்டால் அதற்கு மேலும் விடுங்கள். பிறகு 1500 முதல் 2000 ஜி விசையில் 10 நிமிடம். உறையவைத்து உருக்கிய சீரமாக இருந்தால் போடும் முன் 10,000 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி மேல்பாகத்தை மட்டும் எடுங்கள்.

சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. ஹீமோகுளோபின் தானே பெராக்சிடேஸ் மாதிரி டி.எம்.பி.யில் நிறம் வரவைக்கும். இது பெரும்பாலும் வழியில் நடப்பது. சங்கரன்கோவிலிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ்ஸில் ஏற்றிவிடும் கலெக்‌ஷன் தம்பி, “ஐஸ் நெறைய போட்ருக்கேன் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது” என்பார். அந்த ஐஸ்தான் வினை. பிரிக்காத ரத்தம் ஐஸ்கட்டியை நேரடியாகத் தொட்டால் உடையும். அங்கேயே சென்ட்ரிஃபியூஜ் செய்து சீரத்தை வேறு டியூபுக்கு மாற்றி, 2 முதல் 8 டிகிரி ஜெல் பேக்கோடு அனுப்பச் சொல்லுங்கள். டியூபுக்கும் ஜெல் பேக்குக்கும் நடுவே காகிதமோ தெர்மோகோலோ இருக்கட்டும்.

வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் சோதனை) டிரேயில் இருக்கும் சீரத்தை எடுத்து இதற்குப் போடாதீர்கள். அது 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது. சூட்டில் ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் அதிகமுள்ள ஆன்டிபாடி வகை) திரளும், திரண்டது ஒட்டும். அடிக்கடி உருக்கி உறையவைத்தாலும் இதே கதைதான். ஐஸ் கட்டாத ஃபிராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் தானாகச் சூடாகி ஆறுவது. சீரம் வைக்க அது வேண்டாம்.

ஸ்கிரீனிங்கில் (முதல் கட்டச் சோதனையில்) எடுத்ததெல்லாம் பாசிட்டிவ்

ஸ்கிரீனிங்கில் உண்மையான நெகட்டிவ் 100 பேரில் சுமார் 5 பேர் பாசிட்டிவ் என்று வரும்படிதான் கட்-ஆஃப் (பாசிட்டிவ் என்று சொல்லத் தொடங்கும் எல்லை) வைக்கப்படுகிறது. உள்ளது ஒன்றைத் தவறவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்யும் ஏற்பாடு அது. ஆகவே ஸ்கிரீனிங் முடிவை மட்டும் ரிப்போர்ட்டில் அடித்து அனுப்புவது தவறு. 100-க்கு 20, 30 என்று வந்தால் கட்-ஆஃப் இந்த ஊர் ஆட்களுக்குப் பொருந்தவில்லை. 100-க்கு ஒன்றுகூட வராவிட்டாலும் சந்தோஷப்படவேண்டாம், கட்-ஆஃப் தேவைக்கு மேலே நிற்கிறது என்று அர்த்தம்.

கிட் பெட்டியில் அச்சடித்த எண் வேறு எங்கோ, பெரும்பாலும் ஆரோக்கியமான ரத்த தானக்காரர்களை வைத்துப் போட்டதாக இருக்கும். உங்களிடம் வருவது மூட்டுவாத நோயாளிகள். அந்த மருந்தை இதுவரை போடாத, ஆனால் அதே நோய் உள்ள 50 பேருடைய சீரமாவது சேருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக, குறைந்தது மூன்று வேறு நாட்களில் ஓட்டவேண்டும். ஒவ்வொரு ஓ.டி.யையும் (ரீடர் காட்டும் நிற அளவு) அந்த பிளேட்டின் நெகட்டிவ் கண்ட்ரோல் சராசரியால் வகுத்து, லாக் எடுத்து, சராசரியோடு 1.645 மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டுங்கள். கணக்குக்காக லாக் சராசரி 0.02, திட்டவிலக்கம் 0.05 என்று வைத்தால் கூட்டுத்தொகை 0.102, லாக்கைத் திருப்பினால் 1.26 சொச்சம். அன்றைய நெகட்டிவ் கண்ட்ரோல் 0.085 என்றால் அன்றைய கட்-ஆஃப் 0.108. நெகட்டிவ் கண்ட்ரோல் ஏறி இறங்கும்போது கட்-ஆஃபும் கூடவே ஏறி இறங்கும் என்பதுதான் இதில் லாபம்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. 50 பேரில் உயரமாக வந்தவர்களை எல்லாம் விதிவிலக்கு என்று வெட்டிக்கொண்டே போனால் திட்டவிலக்கம் சுருங்கும், கட்-ஆஃப் இறங்கும், நாளைக்குப் பொய் பாசிட்டிவ் கூடும். எதை வெட்டுவது என்ற விதியை எண்களைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கன்ஃபர்மேட்டரி (உறுதிப்படுத்தும்) சோதனை குழப்புகிறது

சீரத்தோடு அதே மருந்தை நிறையச் சேர்த்தால் உண்மையான ஆன்டிபாடி அதில் போய் ஒட்டிக்கொள்ளும், குழியில் நிறம் குறையும். ஓ.டி. 0.312 இருந்தது மருந்து சேர்த்தபின் 0.118 ஆனால் தடுப்பு 62 சதவீதம். 0.184 இருந்தது 0.171 ஆனால் 7 சதவீதம்தான். அது மருந்தைத் தேடி வந்த ஆன்டிபாடி இல்லை. எத்தனை சதவீதத்துக்கு மேல் கன்ஃபர்ம் என்பதை அதே 50 பேரை வைத்தே போடவேண்டும்: சராசரியோடு 2.33 மடங்கு திட்டவிலக்கம். அப்போது பொய் 100-க்கு 1.

மருந்தைக் கலப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குவது. அடாலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசி 0.8 மில்லிலிட்டரிலும் வரும், 0.4 மில்லிலிட்டரிலும் வரும். முன்னது மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம், பின்னது 100. லேபிளைப் படிக்காமல் கலந்தால் செறிவு இரட்டிப்பாகிவிடும். 50 மில்லிகிராம் ஊசியானால் 10 மைக்ரோலிட்டர் மருந்து, 990 மைக்ரோலிட்டர் பஃபர். இதில் ஒரு பங்குக்கு நீர்த்த சீரம் நான்கு பங்கு. கடைசிச் செறிவு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். மருந்து போடாத டியூபிலும் அதே ஒரு பங்கு பஃபரைச் சேர்க்கவேண்டும். அதைச் சேர்க்காவிட்டால் ஒரு டியூப் மட்டும் நீர்த்துப்போய், ஆன்டிபாடியே இல்லாத சீரத்திலும் தடுப்பு இருப்பதுபோலக் காட்டும். குலுக்கி நுரை வந்த மருந்து, உறைந்து உருகிய மருந்து இரண்டும் ஆகாது.

இத்தனையும் சரியாகச் செய்தும் மூட்டுவாத நோயாளிகளில் மட்டும் பாசிட்டிவ் குவிந்தால் ஆர்.ஏ. ஃபேக்டரைப் பிடியுங்கள். அது ஐ.ஜி.ஜி.யின் வால் பகுதியைப் பிடிக்கும் ஐ.ஜி.எம்.; ஐந்து மூலக்கூறு சேர்ந்த உருவம். அடாலிமுமாபும் ஓர் ஐ.ஜி.ஜி.தான். கீழ் மருந்தின் வாலையும் மேல் மருந்தின் வாலையும் அது பிடித்துக்கொண்டால் பாலம் ரெடி. மருந்து சேர்க்கும்போது இதுவும் ஓரளவு குறையும் என்பதால் கன்ஃபர்மேட்டரியே ஏமாந்துபோகலாம்.

ஆகவே மூன்றாவது டியூப் ஒன்று வையுங்கள்: அடாலிமுமாப் குறிவைக்கும் டி.என்.எஃப். புரதத்தோடு சம்பந்தமே இல்லாத, ஆனால் அதே ஐ.ஜி.ஜி.1 வகையான டிராஸ்டுசுமாப். 440 மில்லிகிராம் வயலைக் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 21 மில்லிகிராம். அதில் 25 மைக்ரோலிட்டரை 1025 மைக்ரோலிட்டர் பஃபரில் கலந்தால் 0.5 மில்லிகிராம், பிறகு முன்போலவே ஒன்றுக்கு நான்கு. புற்றுநோய் வார்டில் மிஞ்சும் சொட்டே பல மாதத்துக்குப் போதும் என்று தோன்றும், ஆனால் கூட வரும் பாக்டீரியோஸ்டாட்டிக் தண்ணீரில் கரைத்தது 28 நாள்தான். அடாலிமுமாப் டியூபில் மட்டும் நிறம் குறைந்தால் விஷயம் மருந்தைப் பற்றியது. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் வாலைப் பிடிக்கும் ஏதோ ஒன்று. இரண்டிலுமே குறையாவிட்டால் பிளாஸ்டிக்கிலோ, குழியின் காலி இடத்தை மூடும் பிளாக்கிங் புரதத்திலோ ஒட்டியிருக்கிறது.

வால் பிரச்சினை என்று தெரிந்தால், சீரம் நீர்க்கும் பஃபரிலேயே சாதாரண மனித ஐ.ஜி.ஜி. சேர்த்து ஆர்.ஏ. ஃபேக்டரை முன்கூட்டியே கட்டிப்போடலாம். மில்லிலிட்டருக்கு 100-இல் தொடங்கி 500 மைக்ரோகிராம் வரை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு அளவிலும் பாசிட்டிவ் கண்ட்ரோல் விழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சொந்தமாக ரியேஜென்ட் செய்யும் லேப்பானால் வாலை வெட்டிய மருந்துத் துண்டை வைத்துப் பாலம் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு. பஃபர் மாறினால் கட்-ஆஃபும் புதிதாகப் போடவேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாப் படியிலும் பாசிட்டிவ், ஆனால் மருந்து குறிவைக்கும் புரதமே பாலம் கட்டுகிறது

இது மற்ற எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, ஏனென்றால் கன்ஃபர்மேட்டரி இதைப் பிடிக்காது. டி.என்.எஃப். மூன்று துண்டு சேர்ந்த புரதம். ஒரு துண்டு கீழ் மருந்தையும் இன்னொன்று மேல் மருந்தையும் பிடிக்கலாம். பெவாசிசுமாப் குறிவைக்கும் வி.ஈ.ஜி.எஃப். இரட்டை. டெனோசுமாப் குறிவைக்கும் ரேங்க் லிகாண்ட் மூன்று. மருந்தை நிறையச் சேர்த்தால் இந்தப் புரதமும் அதில் ஒட்டிக்கொண்டு நிறம் அழகாகக் குறையும். பார்க்கிறவர் உண்மையான ஆன்டிபாடி என்றே நினைப்பார்.

அடையாளம் இதுதான்: ஊசி ஆரம்பித்த சில வாரத்திலேயே, ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும், ஒரே மாதிரி தாழ்ந்த டைட்டரில் (எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் நிற்கிறது என்ற எண்) பாசிட்டிவ் வரும். மருந்தோடு ஒட்டிய புரதம் சீக்கிரம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்குவதால் அதன் மொத்த அளவு ஏறும். ஓமலிசுமாப் போட்டபின் அது குறிவைக்கும் ஐ.ஜி.ஈ.யின் மொத்த அளவு ஏறி, மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு வருடம்வரை ஏறியே இருக்கக்கூடும் என்பது தெரிந்த விஷயம். அதோடு ஆசிட் டிசோசியேஷனும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். ரத்தத்தில் உள்ள மருந்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்கத்தான் ஆசிட் ஊற்றுகிறோம், அது புரதத்தையும் சேர்த்தே அவிழ்த்துவிட்டுவிடும்.

ஆசிட் படியை முதலில் சரிபாருங்கள். கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 1.72 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக்கினால் 300 மில்லிமோலார். சீரம் 20 மைக்ரோலிட்டர், ஆசிட் 180. இதை நடுநிலையாக்க 1 மோலார் டிரிஸ், பி.ஹெச். 9.5, சுமார் 65 முதல் 75 மைக்ரோலிட்டர் பிடிக்கும். கிட்டில் எழுதியிருக்கிறது என்று நம்பி ஊற்றிவிடாமல், தனி டியூபில் கலந்து பி.ஹெச். பேப்பரில் 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். புளிப்பு மிஞ்சினால் காஞ்சுகேட் திரளும், மறுபடி பொய் பாசிட்டிவ். ஆசிட் இல்லாமலும் ஒருமுறை ஓட்டுங்கள். ஆசிட்டோடு மட்டும் வரும் பாசிட்டிவ், மருந்தால் மறைந்திருந்த ஆன்டிபாடியாகவும் இருக்கலாம், அவிழ்ந்த டி.என்.எஃப்.பாகவும் இருக்கலாம்.

பிரித்துச் சொல்ல நான்காவது டியூபில் எட்டனர்செப்ட் சேருங்கள். அது டி.என்.எஃப்.பைப் பிடிக்கும் ரிசெப்டர். அடாலிமுமாபுக்கு எதிரான ஆன்டிபாடி அதன் பக்கம் போகாது. மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமில் தொடங்கலாம். எட்டனர்செப்டிலும் ஐ.ஜி.ஜி.1 வால் உண்டு என்பதால் டிராஸ்டுசுமாப் டியூபைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கவேண்டும். டிராஸ்டுசுமாபில் குறையாமல் எட்டனர்செப்டில் குறைந்தால் அது டி.என்.எஃப். பாலம்.

முதல் ஊசிக்கு முன்பே பாசிட்டிவ்

முதல் ஊசிக்கு முன் எடுத்த சீரம் கையில் இருந்தால்தான் இது தெரியவே வரும். 0.5 மில்லிலிட்டராவது எடுத்து வைக்கும்படி வார்டில் சொல்லிவையுங்கள். பிறகு வரும் டைட்டர் அதைவிட 4 மடங்கு ஏறினால், அதாவது இரட்டிப்பு நீர்த்தலில் இரண்டு படி ஏறினால், மருந்தால் வந்தது. ஏறாவிட்டால் பழையது.

பழையது எங்கிருந்து வரும்? அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்காடுகளில் பாம்பு கடித்து விஷமுறிவு ஊசி போட்டவர்கள் உண்டு. அந்த ஊசி குதிரை சீரத்தில் செய்தது. நாய்க்கடிக்குப் போடும் இம்யூனோகுளோபுலினிலும் குதிரை வகை உண்டு. அவர்களுக்குக் குதிரைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கக்கூடும். கிட் பஃபரில் குதிரை சீரம் இருந்தால் அது தொந்தரவு செய்யும். இன்ஃப்ளிக்சிமாபில் எலிப் பகுதி இருப்பதால் எலி ஐ.ஜி.ஜி.க்கு எதிரானவையும் அதில் ஒட்டலாம். ரிக்வெஸ்ட் பேப்பரில் பாம்புக்கடி, நாய்க்கடி ஊசி பற்றி ஒரு கேள்வி சேர்த்தால் போதும், செலவில்லை. சந்தேகம் வந்தால் சீரத்தை 2, 4, 8 மடங்கு நீர்த்துப் பாருங்கள். உண்மையான ஆன்டிபாடி ஒழுங்காக இறங்கும். இந்த மாதிரி குறுக்கீடு ஒரே படியில் காணாமல் போகும், அல்லது இறங்கவே இறங்காது.

பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) ஏற்றிய மருந்துகளில், செர்டோலிசுமாப் பெகால் மாதிரி, பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி முன்பே இருக்கலாம். தனிப் பெக் சேர்த்துப் போட்டால் நிறம் குறையும்.

ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆனால் மருந்து அளவு நன்றாகவே இருக்கிறது

அடுத்த ஊசிக்குச் சற்றுமுன் எடுத்த ரத்தத்தில் மருந்து அளவையும் சேர்த்தே பாருங்கள். குடல் அழற்சி நோயில் மருந்து சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2017-இல் சொன்ன இலக்கு இன்ஃப்ளிக்சிமாபுக்கு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அடாலிமுமாபுக்கு 7.5. அந்த அளவு மருந்து ரத்தத்தில் நின்றுகொண்டிருக்க, ஆசிட் போடாத பிரிட்ஜிங் எலைசாவில் ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் சந்தேகப்படவேண்டும். அவ்வளவு மருந்து இருந்தால் அது ஆன்டிபாடியை மூடி நெகட்டிவாகத்தானே காட்டவேண்டும்? அந்த சாம்பிளை நான்கு டியூபிலும் திரும்ப ஓட்டி, டைட்டரையும் மருந்து அளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். “பாசிட்டிவா நெகட்டிவா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று டாக்டர் போனில் கேட்டாலும் இரண்டு எண்ணையும் சேர்த்தே படித்துக் காட்டுங்கள். நான்கு டியூபும் ஒத்துவராவிட்டால், “அடுத்த ஊசிக்கு முன் மறுபடி ரத்தம் அனுப்பவும்” என்று எழுதி, இப்போதைய சீரத்தை இரண்டு பங்காகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள்.